நாலு பேர் நுழையும் வாசல்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி எங்கள் காம்பவுண்டில் இருக்கும் ஜெய்லானி மாமாவின் தையல் கடைக்கு நூல் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. சும்மா கிடந்ததை ‘படிக்கிற புள்ளைக்கு ஆகும்’ என்று நேற்று என்னிடம் தந்தார். ஜனவரியிலிருந்து மே வரை வெறும் தாள். பரவாயில்லை, எழுதுகிற மாதிரி விஷயம் இன்றைக்குத்தான் நடந்திருக்கிறது. நானும் அம்மாவும் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தோம். வாடகைக்கு இல்லை, வாங்குவதற்கு.

எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பாண்டிச்செல்வி, வயது இருபத்தைந்து, தொழில் இன்னும் மாணவி. கண்மாய்த் தண்ணீரில் வளரும் பாசியைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி. செல்லூரில் எங்கள் காம்பவுண்டுக்காரர்கள் வருகிறவர்களிடமெல்லாம் ‘பாசி படிக்கிற புள்ள’ என்றுதான் என்னைச் சொல்வார்கள். அம்மா ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயா. இந்த இரண்டு பேரும் வீடு வாங்கக் கிளம்பியதற்குக் காரணம், என் உதவித்தொகை ஒரு வருடமாக வராமல் இருந்து மார்ச் மாதம் மொத்தமாக வந்ததுதான். வராத மாதங்களில் நான் திட்டாத திட்டு இல்லை. மாதாமாதம் வந்திருந்தால் மாதாமாதம் கரைந்திருக்கும். திட்டியதையெல்லாம் இன்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வீடு ஆனையூர்ப் பக்கம். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கே வீடுகள் கொண்ட பழைய கட்டடம். எங்களுக்குக் காட்டியது கீழ் வீடு. ஒரு ஹால், ஒரு அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறிப் பச்சை படர்ந்திருந்தது. ஆராய்ச்சிக்கு இனிமேல் கண்மாய் வரைக்கும் போக வேண்டாம். விற்பவர் தேவசகாயம் சார், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறார்.

அம்மா சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றாள். இரட்டைக் கதவு. ஒன்றைத் திறந்து, இன்னொன்றை மேல்தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்கள். அதையும் திறந்து காட்டச் சொன்னாள். சார் ஸ்டூல் போட்டு ஏறித் திறந்தார். அம்மா இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்துவிட்டு, “நல்ல அகலம். நாலு பேரு சேந்தாப்புல நுழையலாம்” என்றாள். நாங்கள் இருப்பதே இரண்டு பேர். பீரோ நுழைவதற்காகச் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மாடியிலிருந்து ஒரு பெயின்ட் வாளி கயிற்றில் இறங்கியது. மேல் வீட்டுப் பெரியவர் கீரைக்காரம்மாவுக்காக விட்டது. கீரைக்காரம்மா தள்ளிப் போய்விட்டதால், பின்னாலேயே போய்க் கீரைக்கட்டு வாங்கி வாளியில் வைத்தது நான். அவர் மேலே இழுத்துக்கொண்டே, “வாங்கிருங்கம்மா, நல்ல தண்ணி” என்றார். வாங்கு என்று எங்களிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஜூன் 5, புதன்

வீடு பிடித்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். இன்றைக்கு நாள் சரியில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கே நாள் பார்க்கிறவளை வைத்துக்கொண்டு நான் எப்படி வீடு வாங்கப்போகிறேன்?

ஜூன் 6, வியாழன்

பிடித்திருக்கிறதாம்.

ஜூன் 9, ஞாயிறு

வெற்றிலை பாக்கில் வைத்து முன்பணம் கொடுத்தோம். தேவசகாயம் சார் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பத்திரம் ஆடி பிறப்பதற்குள் முடிய வேண்டும் என்று பேச்சு. ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. அவருக்கோ மனைவியின் முட்டி ஆபரேஷனுக்காக அதற்குள் கோயம்புத்தூர் போயாக வேண்டும். இதே வீட்டை ஒரு பாத்திரக்கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்துக் கேட்கிறாராம். இருந்தாலும் நாங்கள் முதலில் வந்ததால் எங்களுக்கே என்றார். அவர் மனைவி எங்களுக்குக் கேக் கொடுத்தார்.

வீட்டு விஷயத்தைப் பதிவு முடிகிற வரை காம்பவுண்டில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா ஆட்டோவிலேயே சொல்லிவிட்டாள். கண் பட்டுவிடுமாம். யார் கண் என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னேன் என்றாள்.

ஜூன் 13, வியாழன்

பெரிய வங்கியில் என் பெயரைக் கணினியில் தட்டினார்கள். கடன் மதிப்பெண் மைனஸ் ஒன்று. பத்தாம் வகுப்புக் கணக்கில்கூட நான் இப்படி வாங்கியதில்லை. “இதுவரைக்கும் எங்கயுமே கடன் வாங்கலையாம்மா?” என்று கேட்டார் அங்கிருந்தவர். இல்லை என்று பெருமையாகத் தலையாட்டினேன். அதுதான் பிரச்சினை என்றார். கடன் சொல்லி ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாது என்று அப்பா சொல்லி வளர்த்திருந்தார். அப்பா சொல்லைக் கேட்டதற்கு மைனஸ் ஒன்று.

பிறகு பைபாஸ் ரோட்டில் ஒரு சின்ன வீட்டுக்கடன் நிறுவனத்துக்குப் போனேன். மேலாளர் ஹேமலதா மேடம் என் உதவித்தொகைக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது சம்பளம் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டார். அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம், கடன் சரித்திரம் இல்லாததால் நேரில் விசாரிப்பதைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்வார்கள் என்று விளக்கினார். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் கேட்பாராம். கேட்கட்டும். அங்கே எனக்குக் கெட்ட பெயர் கிடையாது.

ஜூன் 21, வெள்ளி

பவுனுத்தாய் அத்தை காலையில் இடியாப்பம் கொடுத்துவிட்டுப் போனாள். இடியாப்பம் அவித்து விற்பதுதான் அவள் பிழைப்பு. காம்பவுண்டு கேட்டுக்குப் பக்கத்து வீடு அவளுடையது. அவளைத் தாண்டித்தான் எதுவும் உள்ளே வரும், வெளியே போகும். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. என் தலையைத் தடவி, “எல்லாம் சரியாப் போகும், ஆத்தா” என்றாள். எனக்கு என்ன சரியாக வேண்டியிருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஜெய்லானி மாமா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, புள்ளையைத் திட்டாதீங்க, சின்ன வயசு, அப்படி இப்படித்தான் இருக்கும் என்று சொன்னாராம். அம்மா வந்து என்னடி பண்ணித் தொலைத்தாய் என்று என்னைத் திட்டினாள். ஆய்வகத்தில் ஒரு குடுவையை உடைத்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. அது மாமாவுக்கு எப்படித் தெரியும்?

மதியம் பவுனுத்தாய் அத்தை வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது. இந்தக் காம்பவுண்டு மாதிரி அமையாது என்று அம்மாவிடம் சொன்னேன். வீடு கிடைத்தால் இங்கிருந்து போக வேண்டும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.

ஜூன் 27, வியாழன்

விண்ணப்பம் தள்ளுபடி.

போனில் செய்தி வந்ததும் ஆய்வகத்திலிருந்து நேராக ஹேமலதா மேடத்திடம் ஓடினேன். அவருக்கும் வருத்தம்தான். “நீங்க குடுத்த அட்ரஸ்ல அப்படி யாருமே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, பாண்டிச்செல்வி. மூணு வீட்ல கேட்டிருக்காங்க. மூணு பேரும் அதையேதான் சொல்லியிருக்காங்க” என்றார்.

ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறேன்.

காம்பவுண்டுக்குத் திரும்பியபோது கேட்டுப் பக்கத்தில் பவுனுத்தாய் அத்தையின் பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வியாழக்கிழமை குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும் நாள். பையும் ஃபைலுமாக யாராவது தெருமுனையில் தெரிந்தால் அத்தை குடத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். தவணை கட்ட முடியாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் கோயில் பக்கம் போய்விடுவார்கள். வந்தவன் யார் பெயரைக் கேட்டாலும் காம்பவுண்டு முழுக்க ஒரே பதில்தான்.

போன வாரம் என்னைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேட்டேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஒண்ணும் வெக்கப்படாத. போன்ல கடன் குடுக்குறானுகளே, அதுல மாட்டிக்கிட்டன்னு நெனச்சோம். ஒரு பய ஃபைலோட வந்தான். அப்படி ஒரு புள்ளையே இங்கிட்டு இல்லன்னு வெரட்டி விட்டுட்டோம். நாங்க இருக்கோம்ல?” என்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

இடியாப்பமும் கருவாட்டுக் குழம்பும் எதற்காக வந்தன என்று அப்போதுதான் புரிந்தது. கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. வீட்டு விஷயத்தையும், கண் படும் என்று அம்மா மறைக்கச் சொன்னதையும் சொன்னேன். அத்தையின் கை தானாக விலகிக்கொண்டது. “எங்க கண்ணா பட்டுரும்?” என்று மட்டும் கேட்டாள். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் கேட்டைத் திறந்தால் ஷேர் ஆட்டோ நிற்கிறது. பவுனுத்தாய் அத்தை கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு, ரேஷன் கார்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெய்லானி மாமா, இஸ்திரி போட்ட சட்டையில். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். “ஏறும்மா. நாங்க பூட்டுன பூட்டை நாங்கதான் தெறக்கணும்” என்றார்.

அத்தை கடன் ஆபீஸ் வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு இன்னொரு கம்பெனியில் இரண்டு தவணை பாக்கி. எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள் என்று அவள் உறுதியாக நம்புகிறாள். ஏசி அறையில் வியர்த்துக்கொண்டே ஹேமலதா மேடம் முன்னால் நின்று, குடத்தைக் கவிழ்த்ததும் பொய் சொன்னதும் நான்தான், இந்தப் புள்ள அங்கிட்டுத்தான் இருக்கு, என் கார்டை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எனக்காக இப்படி வந்து நிற்க யாராவது இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அழுகை வந்தது. காலண்டரைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

மேடம் அத்தைக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். ஒரு தடவை ‘இல்லை’ என்று பதிவாகிவிட்டால் அப்படியே மாற்ற முடியாதாம். புது விண்ணப்பம், புது விசாரணை. கணக்குப் போட்டுப் பார்த்தால் எப்படியும் ஆடி பிறந்துவிடும்.

ஜூலை 1, திங்கள்

தேவசகாயம் சாரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி அவகாசம் கேட்டேன். கவிழ்ந்த குடம் வரைக்கும் சொன்னேன். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

போன் வரவில்லை. கண்மாயில் தண்ணீர் எடுக்கக் கிளம்பி, பாட்டிலை மறந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்தேன்.

ஜூலை 4, வியாழன்

சார் பேசினார். பாத்திரக்கடைக்காரர் ஆடியில் பதிய மாட்டேன், ஆவணி முதல் முகூர்த்தத்தில் மொத்தப் பணத்தையும் தருகிறேன் என்கிறாராம். “எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், தையும் ஒண்ணுதான். நான் மட்டும் வந்துபோய் இருந்துக்குறேன். ஆடிக்குள்ள முடிச்சிருவீங்கன்னா வீடு உங்களுக்குத்தான். ஆவணி பொறந்துட்டா என்னால அவருக்கு மறுப்புச் சொல்ல முடியாது” என்றார். கூடுதல் பணம் கையில் கிடைக்கும்போது, எங்களுக்காக அவர் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். போனை வைத்த பிறகும் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆடியில் அம்மா எப்படிச் சம்மதிப்பாள்? ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்காதவள். சொன்னதும் அரிசி களையப் போய்விட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

அம்மா காலையில் வேனுக்குக் கிளம்பும்போது முந்தானையைச் சொருகிக்கொண்டே சொன்னாள்: “ஆடியிலயே பதிஞ்சிருவோம். உங்கப்பா செத்தது தை மாசந்தானே. நல்ல மாசந்தான்.”

அதைச் சொல்லிவிட்டு வேன் ஏறிவிட்டாள். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. அப்போது தத்தனேரியில் வாடகைக்கு இருந்தோம். நான் கல்லூரியில் முதல் வருடம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பெரியாஸ்பத்திரியில் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டுக்காரர் போன் செய்தார். தை மாதம், மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், வாசலில் பந்தக்கால் நட்டிருக்கிறது, இங்கே கொண்டு வராதீர்கள், அங்கிருந்து நேராகக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் தெருமுனையில் வண்டி ஒரு நிமிடம் நின்றது. அம்மா இறங்கவில்லை. பிறகு நேராக மயானம். குளிப்பாட்டியது, கோடி போட்டது எல்லாம் அங்கே குழாயடியில்தான் நடந்தது.

வாடகை கொடுத்து வீணாவதற்குப் பதில் தவணை கட்டலாமே என்று எல்லோரிடமும் காரணம் சொல்லி வருகிறேன். ஹேமலதா மேடத்திடமும் அதையே சொன்னேன். பீரோவுக்கு என்று எழுதினேனே தவிர, அம்மா வாசலை ஏன் கையால் அளந்தாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஜூலை 12, வெள்ளி

அதே பையன் மறுபடியும் விசாரிக்க வந்தான். பெயர் அலெக்ஸ். என்னைவிடச் சின்னவன், போன தடவை வாங்கிய திட்டு இன்னும் அவன் முகத்திலேயே இருந்தது. நான் வெளியே வரக் கூடாது என்பதால் கதவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளதை மட்டும் சொல்லுங்கள், ஏற்றிச் சொல்லாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சி வைத்திருந்தேன்.

உள்ளதைத்தான் சொன்னார்கள். ஜெய்லானி மாமா, இவளுக்குச் சுடிதார் தைத்து நாலு வருஷமாகிறது, கிழிந்ததைத்தான் தைக்கக் கொண்டுவருவாள் என்றார். பவுனுத்தாய் அத்தை அவனுக்கு டீ கொடுத்துவிட்டு, “மாசக் கடைசி ஆனா வயிறு சரியில்லன்னு ராத்திரி திங்காது தம்பி. எங்களுக்குத் தெரியாதா? அதுக்காகத்தான் மீந்துபோச்சுன்னு இடியாப்பம் குடுத்து விடுவேன். கடன் வாங்குனா கட்டிப்புடும். திங்காமக் கெடந்தாவது கட்டிப்புடும்” என்றாள்.

இவர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இடியாப்பம் நிஜமாகவே மீந்துபோகிறது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அத்தை வியாபாரத்தில் கணக்குத் தெரியாதவள் என்று ஒருமுறை அம்மாவிடம் கேலி பேசியும் இருக்கிறேன். கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கடவுளே, இவர்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

போகும்போது அலெக்ஸ் கேட்டருகில் நின்று, குடத்தைப் பார்த்து, இது நிமிர்ந்திருந்தால் நல்லதா கெட்டதா என்று கேட்டான். அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குடத்து விஷயத்தை ஹேமலதா மேடம்தான் அவனிடம் சொல்லியிருப்பார்.

ஜூலை 19, வெள்ளி

கடன் கிடைத்துவிட்டது! ஹேமலதா மேடமே போன் செய்தார். ஆடி வெள்ளி என்பதால் காம்பவுண்டில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். கரண்டியும் கையுமாக அம்மாவிடம் சொன்னேன். அவள் கூழ் அண்டாவைக் கும்பிட்டாள்.

ஜூலை 29, திங்கள்

பதிவு முடிந்தது. ஆடி என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஈ ஆடியது. மற்ற மாதங்களில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்குமாம். எங்களுக்கு மின்விசிறிக்குக் கீழேயே இடம் கிடைத்தது. ‘யாருக்கும் ஆகாத மாசம் நமக்கு ஆயிருச்சு’ என்றாள் அம்மா.

சாட்சிக் கையெழுத்துக்கு ஜெய்லானி மாமாவும் பவுனுத்தாய் அத்தையும். வாங்குகிறவரை உங்களுக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். அத்தை எழுந்து நின்று, “தெரியுங்க. நம்ம புள்ளதாங்க. நம்ம காம்பவுண்டுலதான் இருக்கு” என்றாள். கேட்ட கேள்விக்கு மேலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். தேவசகாயம் சார் சாவியை என் கையில் கொடுக்காமல் அம்மா கையில் கொடுத்தார். அவர் வீட்டு அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். கோயம்புத்தூருக்கு அத்தையின் இடியாப்பம் ஒரு தூக்குச்சட்டி நிறையப் போகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

பால் காய்ச்சினோம். குடி போவதற்காவது ஆவணி பிறக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். உப்பு, மஞ்சள், சாமி படம், பிறகுதான் மற்றதெல்லாம். அப்பா படத்தை முதலில் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். சாமிதான் முதலில் என்றாள். அப்பா படம் துண்டில் சுற்றி அவள் இடுப்பிலேயே இருந்தது.

காம்பவுண்டே வந்து இறங்கியது. ஹாலில் இடமில்லாமல் பாதிப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பால் பொங்கும்போது மாடியிலிருந்து வாளி இறங்கியது. உள்ளே ஒரு பொட்டலம் சீனி, இரண்டு எலுமிச்சம்பழம். மேல் வீட்டில் நாகராஜன் அண்ணனும் அவர் மனைவியும் வாடகைக்கு இருக்கிறார்கள். பெரியவர் அவருடைய அப்பா. இறங்கி ஏற முடியாததால் வாளியை அனுப்புகிறார். அம்மா வாளியில் பால் டம்ளரை வைத்து ஒரு சொட்டுச் சிந்தாமல் மேலே அனுப்பினாள்.

ஒரு மண்டலம் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டக் கூடாது. அம்மாவின் சட்டங்கள் இவை. புது வீட்டுக்கு ஆகாதாம். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். சுவரில் ஆணி அடிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதால், தேவையே இல்லாமல் ஒரு ஆணி அடித்தேன்.

செப்டம்பர் 4, புதன்

காம்பவுண்டு ஞாபகமாகவே இருக்கிறது. காலையில் யாரும் குழாயடியில் சண்டை போடாததால் எழுந்திருக்க நேரமாகிவிடுகிறது. ஓதத்துக்கு மருந்தடித்தும் பச்சை திரும்ப வந்துவிட்டது. கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். என் கைடு பார்த்துவிட்டு, சொந்த வீட்டுப் பாசியா என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம், சொந்த வீடு.

பெரியவரின் கீரை இப்போது என் வேலை. வாளியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மேலே போகும். இன்றைக்கு வாளியில் எனக்கொரு கொய்யா இருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் வாளி இறங்கவில்லை. நேற்று சாயங்காலமே பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்று விடிந்ததும் போய்விட்டார்.

நான் சட்னி அரைக்கத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தபோது, நாகராஜன் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது கேட்டது. மேல் வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறாராம், அடுத்த வாரம் ஆள் பார்க்க வருகிறதாம், இப்போது போய் அங்கே வைக்காதீர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய்விடுங்கள் என்கிறார். அண்ணன், ஒரு மணி நேரம் மட்டும் சார், ஒரு மணி நேரம் மட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்கள், இரண்டு பேரும்.

நான் செய்ததை எழுதிவிடுகிறேன். கதவைச் சாத்தினேன். அம்மா காதில் விழாமல் இருக்க மிக்ஸியைப் போட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மண்டலம் பாதிகூட ஆகவில்லை. இவ்வளவு பட்டு வாங்கிய வீடு. எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வந்து மிக்ஸியை அணைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு படிக்கட்டுக்குப் போய், அண்ணன் தோளைத் தொட்டு, வண்டியை இங்கே வரச் சொல்லுங்க தம்பி என்றாள். அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “புது வீடுக்கா. வேணாங்க்கா” என்றார்.

“புது வீடுதான்” என்றாள் அம்மா. “இதுக்காகத்தான் வாங்குனோம்.”

உள்ளே வந்து சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டு கட்டிலை இழுக்க ஆரம்பித்தாள். நானும் போய் மறுபக்கம் பிடித்தேன். ஹால் காலியானது. சாமி படத்துக்குத் திரை போட்டாள். அப்பா படம் நான் தேவையில்லாமல் அடித்த அந்த ஆணியில்தான் தொங்குகிறது. அதை மூடவில்லை.

வண்டி வந்தது. டிரைவர் இறங்கி மாடியையும் கீழேயும் பார்த்துவிட்டு, எந்த வீடு, இறந்தவர் இந்த வீட்டு ஆளா என்று கேட்டார். அண்ணன் மாடியை நிமிர்ந்து பார்த்தார். அம்மா வாசலுக்கு வந்தாள்.

“ஆமாப்பா. எங்க வீட்டு ஆளுதான். கொண்டாங்க” என்றாள்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இன்னொரு கதவின் மேல்தாழ்ப்பாள் நாங்கள் வந்ததிலிருந்து திறக்காதது. இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். பெரியவரைச் சுமந்துகொண்டு நாலு பேரும் சேர்ந்தாற்போல் நுழைந்தார்கள்.